கார்டினல் கொடி: டர்பன் வீட்டுச் சுவர்களுக்கு ஏற்ற செம்பூங்கொடியும் அதை வளர்த்துத் தரும் ஒரு நர்சரியும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பகுதியில் வீட்டுச் சுவரிலோ வேலியிலோ படர விடுவதற்கு நல்ல பூங்கொடி எது என்று கேட்பவர்களுக்கு, கார்டினல் கொடியை நான் தயங்காமல் சொல்வேன். ஆனால் யார் கையால், எந்த முறையில் வேர்பிடித்த செடி நமக்குக் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே இந்தக் கொடியின் பிற்கால வளர்ச்சி முழுவதும் அமைகிறது. அதனால் கொடியைப் பற்றி மட்டும் எழுதினால் மதிப்புரை பாதியிலேயே நின்றுவிடும். டர்பனுக்கு வடக்கே உள்ள வெருலத்துக்கு அப்பால், கரும்புத் தோட்டங்களை ஒட்டிய சரிவில் ஒரு தமிழ்க் குடும்பம் நடத்திவரும் சிறிய நர்சரியில் வாங்கிய செடி, மழைக்காலத்தையும் குளிர்காலத்தையும் தாண்டி இப்போது எங்கள் வீட்டுச் சுவரை நிறைத்துப் பூத்து நிற்கிறது. செடி, அதை விற்றவர்களின் வேலைத்திறம் ஆகிய இரண்டையும் சேர்த்தே இங்கே மதிப்பிடுகிறேன்.

முதலில் செடி. இதன் தாவரவியல் பெயர் ஐப்போமியா ஹார்ஸ்ஃபாலியே. மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்த இந்தக் கொடிக்கு, 1834-இல் வில்லியம் ஜாக்சன் ஹூக்கர் என்ற தாவரவியலாளர், லிவர்ப்பூலைச் சேர்ந்த ஹார்ஸ்ஃபால் என்ற அம்மையாரின் பெயரைச் சூட்டினார். நாம் அவித்துத் தின்னும் சர்க்கரைவள்ளியும், குளத்தில் படரும் வள்ளைக்கீரையும், வேலியில் காலையில் மட்டும் விரியும் நீலப்பூக்கொடிகளும் இதே ஐப்போமியா இனத்தைச் சேர்ந்தவைதாம். ஆயினும் அந்த உறவுகளில் எதையும் நினைவூட்டாத தோற்றம் இதற்கு உண்டு. இலை இதய வடிவில் இராமல், விரித்த கைபோல் ஐந்தாகப் பிரிந்து, கரும்பச்சையாக, மெழுகு தேய்த்தது போன்ற மினுமினுப்புடன் இருக்கும். பூ குங்குமச் சிவப்பு. நீண்ட குழலின் முனையில் ஐந்து மடலாக விரியும் அந்தப் பூவைத் தொட்டுப் பார்த்தால், மற்ற காலைப்பூக்களின் மெல்லிய தாள் போன்ற இதழாக இல்லாமல் சற்றுத் தடித்து, வழுவழுப்பாக இருப்பது தெரியும். குழலின் வாயில் மகரந்தத் தாள்கள் சிறிது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பூக்கள் தனித்தனியாக வருவதில்லை. கொத்துக் கொத்தாக வருகின்றன. விரிவதற்கு முன்பு பளபளவென்று திரண்டிருக்கும் மொக்குக் கொத்துகளே பல நாள் பார்க்கத் தகுந்தவை.

நீலக் காலைப்பூவை வளர்த்தவர்களுக்கு அதன் ஒரு குறை தெரியும்: வெயில் ஏறியதும் பூ சுருங்கிவிடும், வேலைக்குப் போய் மாலையில் திரும்புபவர்கள் அதை வார இறுதியில்தான் பார்க்க முடியும். கார்டினல் கொடியின் பூ எங்கள் சுவரில் நண்பகலுக்குப் பின்னும் விரிந்தே நிற்கிறது. அதைவிடப் பெரிய நன்மை அது பூக்கும் காலம். டர்பனில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதன் பெரும்பகுதி அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் இடையில் பெய்துவிடும். மற்ற செடிகள் அந்த மாதங்களில் பூத்து ஓய்ந்து, புல்வெளி பழுப்பேறத் தொடங்கும் வறண்ட குளிர்காலத்தில் இந்தக் கொடி நிறம் காட்டத் தொடங்குகிறது. ஜூன், ஜூலையில் தோட்டத்தில் சிவப்பு வேண்டும் என்பவர்களுக்கு இது ஒன்றே போதும் என்று சொல்வது மிகையாகாது.

இனி, நர்சரியைப் பற்றி. ஒரு செடிக்கடையை மதிப்பிடும்போது அது எதை விற்க மறுக்கிறது என்பதையும் நான் பார்ப்பேன். இங்கே வாசலுக்கு அருகில் தமிழிலும் ஆங்கிலத்திலும் கையால் எழுதிய ஒரு பலகை இருக்கிறது. நீலக் காலைப்பூக்கொடியின் செடியோ விதையோ இங்கே கிடைக்காது என்று அதில் எழுதியிருக்கிறார்கள். காரணம் சட்டம். தென்னாப்பிரிக்காவின் 2004-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளின்படி ஐப்போமியா இண்டிகா, ஐப்போமியா பர்ப்யூரியா ஆகிய இரண்டும் 1பி வகை ஊடுருவும் தாவரங்கள். அவற்றை விற்கவோ பெருக்கவோ கூடாது. நம் நிலத்தில் இருந்தால் கட்டுப்படுத்தவேண்டியது நம் பொறுப்பு. இது வெறும் காகிதச் சட்டமன்று என்பதை டர்பனில் ஆற்றங்கரைகளையும் இரயில் பாதைச் சரிவுகளையும் பார்த்தவர்கள் அறிவார்கள். தரையில் ஓடும் ஐப்போமியா இண்டிகாவின் தண்டு கணுவுக்குக் கணு வேர்விடும். கிள்ளி எறிந்த துண்டும் பிழைத்துக்கொள்ளும். தோட்டக் கழிவோடு சேர்த்து ஓடைக்கரையில் கொட்டிவிட்டால் சில பருவங்களில் அங்கிருக்கும் மரங்களின் உச்சிவரை போர்த்தி, வெளிச்சத்தை மறைத்து, அவற்றைத் திணற வைத்துவிடும். அழகான பூ என்பதால் அதன் மேல் இரக்கம் காட்டுபவர்கள் அந்தப் போர்வைக்கு அடியில் காய்ந்து நிற்கும் காட்டு மரத்தையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

இவ்வளவு தெளிவாகச் சட்டம் இருந்தும், நகரத்தின் ஒரு பெரிய தோட்டக் கடையில், பெயர்ச்சீட்டில் காலைப்பூ என்று பொதுவாக மட்டும் அச்சிட்ட நீலப்பூ விதைப் பொட்டலத்தை எனக்கு எடுத்துக் கொடுத்தார்கள். இது எந்த ஐப்போமியா என்று கேட்டதற்கு அங்கிருந்தவரிடம் பதில் இல்லை. அந்த அனுபவத்துக்குப் பின் வெருலம் நர்சரியின் பலகையைப் பார்த்தபோது ஏற்பட்ட மதிப்பு, உள்ளே போன பிறகு இன்னும் கூடியது.

இந்த நர்சரியை நடத்தும் அம்மையாரின் முன்னோர், கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்ததும் காய்கறி பயிரிட்டுப் பிழைத்தவர்கள். 1860 முதல் டர்பன் அடங்கிய நேட்டாலுக்கு வந்த நம்மவர்களில் எத்தனையோ குடும்பங்களின் கதை அது. நிலத்தைத் தொட்டு வளர்ந்த கை என்பது அவர் செடியைப் பிடிக்கும் விதத்திலேயே தெரிகிறது. கார்டினல் கொடியின் விதை கிடைக்குமா என்று பக்கத்தில் ஒருவர் கேட்டபோது, "இது காய்க்கிறது ரொம்ப அபூர்வம், தம்பி. எங்கேயாவது விதைன்னு வித்தா வேற எதையோ விக்கிறாங்கன்னு வச்சுக்குங்க" என்றார். அவர் சொன்னது சரி. இந்தக் கொடி பெரும்பாலும் விதை பிடிப்பதில்லை. நீலக்கொடியைப் போல் பரவி அலையாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். தண்டை வெட்டி நட்டாலும் எளிதில் வேர் விடாது. ஆகவே இதைப் பெருக்க நம்பகமான வழி பதியன் போடுவதுதான். கடையில் இதன் விலை மற்றக் கொடிகளைவிடக் கூடுதலாக இருப்பது ஏன் என்று கேட்பவர்கள் இந்த வேலையைப் பார்த்தால் பேரம் பேச மாட்டார்கள்.

அவர்கள் பதியன் போடும் முறையைச் சற்று விரிவாகச் சொல்வது தகும். தாய்க்கொடியைச் சுற்றிலும் மண் நிரப்பிய பைகளை வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். போன பருவத்தில் வளர்ந்து முற்றி, பென்சில் தடிமனுக்கு வந்த தண்டைப் பைக்கு மேல் வளைத்து, ஒரு கணுவுக்குக் கீழே சாய்வாகக் கீறுகிறார்கள். கீறியதும் வெள்ளைப் பால் கசிகிறது. அதைத் துணியால் துடைத்து, காயம் சற்று உலர்ந்த பிறகு, வேர் ஊக்கித் தூளைத் தடவி, கீறல் மீண்டும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு சிறு குச்சியைச் செருகி, கணுவை மண்ணில் அழுத்தி, வளைத்த கம்பியால் பிடித்துவைக்கிறார்கள். வேர் இறங்கிவிட்டது என்று தெரிந்தவுடனும் வெட்டிவிடுவதில்லை. தாய்க்கொடியோடு இணைந்த பகுதியை முதலில் பாதி ஆழம் வரை மட்டும் வெட்டி, சில வாரங்கள் விட்டு, இளங்கொடி வாடாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே முழுவதும் பிரிக்கிறார்கள். தாயின் ஊட்டத்தைப் படிப்படியாகக் குறைக்கும் இந்த நிதானத்தால்தான் வாங்கிச் சென்ற செடி புது இடத்தில் இலை உதிர்க்காமல் நிற்கிறது என்பது என் துணிபு.

வேரைக் காட்ட முடியுமா என்று கேட்டேன். முகம் சுளிக்காமல் பையைச் சாய்த்து, தண்டின் அடியை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து, உள்ளங்கையால் தாங்கி, மண்கட்டி உடையாமல் வெளியே எடுத்தார். வேர்கள் பையின் ஓரம் வரை வந்திருந்தன. ஆனால் வட்டமாகச் சுற்றி நெருக்கிக்கொள்ளவில்லை. நுனிகள் வெண்மையாக, ஈரமாக இருந்தன. மக்கிய பைன் மரப்பட்டையும் மணலும் கலந்த மண், அழுகல் நாற்றம் சிறிதும் இல்லை. செடி வாங்குபவர்கள் பூவைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது வழக்கம். இங்கே பூத்த செடி ஒன்று அதே விலையில் பக்கத்தில் இருந்தும், அதன் வேர் இன்னும் இளையது என்று சொல்லி, பூக்காத ஆனால் வேர் நன்றாக இறங்கிய செடியை அவர் எனக்குத் தேர்ந்து கொடுத்தார். விற்பனைக்கு எளிதான செடியைத் தள்ளிவைத்து வாங்குபவருக்கு ஏற்றதைக் கொடுக்கும் இந்த நேர்மைக்காகவே மீண்டும் அங்கே போகத் தோன்றுகிறது.

செடிக்கு அப்போது 180 ரேண்ட் கொடுத்தேன். மூங்கில் குச்சியில் தளர்வாகக் கட்டி, நுனி ஒடியாதபடி காகிதத்தில் சுற்றிக் காரில் வைத்துக் கொடுத்தார்கள். அடுத்த பருவத்துக்குள் செடி பட்டுப்போனால் மாற்றித் தருவதாகவும் சொன்னார்கள். அதற்குத் தேவை வரவில்லை.

நட்ட பிறகு செடி நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றி வாங்குபவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. முதல் கோடை முழுவதும் கொடி ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நின்றது. பொறுமை இழந்து உரத்தைக் கொட்டுபவர்கள் இந்தக் கட்டத்தில்தான் செடியைக் கெடுக்கிறார்கள். வேர் நிலைகொண்ட பிறகு வளர்ச்சி வேகமெடுத்து, அடுத்த மழைக்காலத்தில் சுவரின் விளிம்பை எட்டிவிட்டது. நன்கு நிலைபெற்ற கொடி 6 மீட்டருக்கு மேலும் ஏறக்கூடியது என்பதால், பந்தலைத் தொடக்கத்திலேயே உறுதியாக அமைக்க வேண்டும். இதற்குப் பற்றுக்கம்பியோ உறிஞ்சுவேரோ கிடையாது. தண்டே சுற்றி ஏறுவது. வெறும் பிரிகாஸ்ட் (முன்வார்ப்புக் கான்கிரீட்) சுவரில் அதனால் ஒட்ட முடியாது. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கம்பிகளை இழுத்துக் கட்டிவிட்டால், காற்றும் பின்னால் புகும், வெள்ளையடிக்கும் வேலைக்கும் கொடியை வெட்ட வேண்டியிராது.

வெயிலைப் பற்றி ஒரு சொல். தமிழ்நாட்டு வழக்கத்தை நினைவில் வைத்துக்கொண்டு தெற்குச் சுவரைத் தேர்ந்தெடுத்தால் இங்கே பூ கிடைக்காது. பூமியின் தென்பாதியில் இருக்கும் நமக்குக் குளிர்காலச் சூரியன் வடக்கே தாழ்ந்து செல்கிறது. கொடி பூக்கும் காலமும் அதுவே. ஆகவே வடக்கு பார்த்த சுவர்தான் இதற்கு உரிய இடம். அடிவேருக்கு நிழலும் நுனிக்கு வெயிலும் கிடைக்கும்படி, கீழே சிறு செடிகளை நட்டுவைப்பது நல்ல பலன் தருகிறது. பெரியா மேட்டுச் செம்மணலில் நீர் நிற்காமல் இறங்கிவிடும் என்பதால் அங்கே தழையுரமும் மூடாக்கும் தாராளமாக வேண்டும். களிமண் கலந்த சரிவுகளில் குழியின் அடியில் நீர் தேங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உரத்தில் தழைச்சத்து மிகுந்தால் இலை மட்டுமே செழிக்கும். கடைகளில் 3:1:5 (தழை, மணி, சாம்பல் சத்துகளின் விகிதம்) என்று எழுதி விற்கும் கலவையை மழைக்காலத்தின் பிற்பகுதியில் அளவாகப் போட்டால் போதும் என்று நர்சரியில் சொன்னதை அப்படியே கடைப்பிடித்தேன். மொக்குகள் நெருக்கமாக வந்தன.

பூச்சிகளில் கவனிக்க வேண்டியது ஒன்று. சர்க்கரைவள்ளி பயிரிட்டவர்கள் அறிந்த, வாலில் கொம்பு முளைத்த பருத்த புழு, இந்தக் குடும்பத்துக் கொடிகளின் இலையைத் தேடி வரும். அது ஒரு பெரிய அந்துப்பூச்சியின் புழு. ஒரே இரவில் ஒரு கிளையின் இலைகளை மொட்டையாக்கிவிடும். மருந்து அடிக்கத் தேவையில்லை. கீழே கருமிளகுபோல் எச்சம் கிடந்தால் அதற்கு நேர் மேலே தேடிக் கையால் எடுத்துவிடலாம். மருந்தைத் தவிர்க்க வேறு காரணமும் உண்டு: தாயகத்தில் நீண்ட அலகுள்ள தேன்குடிப் பறவைகளுக்கு ஏற்ற இந்தச் செங்குழல் பூவை இங்கே நம் தேன்சிட்டுகள் தம்முடையதாக்கிக்கொண்டன. ஊதாத் தொண்டையும் கரிய உடலும் கொண்ட ஆண் சிட்டு ஒன்று கொத்தின் காம்பில் தொங்கியபடி குழல் குழலாக அலகை நுழைத்துச் செல்வதைச் சமையலறைச் சன்னலிலிருந்து பார்க்க முடிகிறது. குரங்குகள் உள்ள பகுதிகளில் மட்டும் மொக்குகள் சிலவற்றை அவை கிள்ளி எறிவதைத் தவிர்க்க முடியாது.

குறைகளையும் சொல்ல வேண்டும். பூசைக்குப் பூ வேண்டும் என்று நினைத்து இதை வாங்க வேண்டாம். முருகனுக்கு உகந்த செந்நிறம் என்று ஆசைப்பட்டாலும், கிள்ளிய பூ தட்டில் வைத்த சிறிது நேரத்திலேயே துவண்டுவிடுகிறது. மாலையாகத் தொடுக்கவும் தாங்காது. தைப்பூசக் காவடிக்கும் கோயில் மாலைக்கும் துலுக்கச் சாமந்தியின் இடத்தை எதுவும் பிடிக்கப்போவதில்லை. இரண்டாவது குறை உறைபனி. டர்பன் கடற்கரைப் பகுதியில் அந்தக் கவலை இல்லை. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் பள்ளமான பகுதிகளிலோ அதற்கு மேலோ இருப்பவர்கள், பூக்கும் காலத்திலேயே பனி விழும் என்பதால், தாழ்வாரத்தின் மறைவில் தவிர வேறெங்கும் நட வேண்டாம். மூன்றாவது, உம்லோட்டி போன்ற இடங்களில் கடலை நேரே பார்த்த வீடுகள். உப்புக்காற்றில் இந்த இலை கருகும். அங்கே இதே இனத்து அடும்பு, மணல்மேட்டில் தானாகவே படர்ந்து ஊதாப் பூ பூக்கிறது. சங்கப் பாடல்களின் நெய்தல் மகளிர் சூடிய அதே அடும்புதான் இந்தக் கடற்கரையின் மண்ணுக்கும் உரிய கொடி. அது இருக்கும் இடத்தில் வேறு எதையும் கொண்டுபோய் நட வேண்டியதில்லை.

நர்சரியின் மேல் எனக்குள்ள குறை, பெயர்ச்சீட்டைப் பற்றியது. எல்லாவற்றையும் வாயால் தெளிவாகச் சொல்லும் இவர்கள், பையில் குத்தும் சீட்டில் கார்டினல் என்று மட்டுமே எழுதுகிறார்கள். அந்தப் பெயரில் நூலிழை போன்ற இலையுள்ள மயிர்மாணிக்கத்தையும், அதன் கலப்பினமான வேறொரு ஓராண்டுக் கொடியையும்கூட அழைக்கும் பழக்கம் உண்டு. அவை விதையில் வளர்ந்து ஒரு பருவத்தில் முடிந்துவிடும் செடிகள். தாவரவியல் பெயரையும் சேர்த்து எழுதினால், வாங்கியதை மற்றவருக்குப் பரிந்துரைப்பவர்களுக்கும், சட்டப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க விரும்புபவர்களுக்கும் பெரிய உதவியாக இருக்கும். இதை அம்மையாரிடமே சொன்னேன். "அடுத்த தடவை வரும்போது எழுதியிருக்கும்" என்றார். இப்படிப்பட்ட சிறிய நர்சரி பழைய வழக்கத்தில் போவதும் ஒரு வகையில் இயல்புதான். இணையப் பக்கமும் இல்லை, கையிருப்பை நேரில் போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பதியன் செடிகள் ஓராண்டில் ஒரு சிறு தொகுதி மட்டுமே தயாராவதால், வசந்தத்தில் மழை தொடங்குவதற்கு முன்பே சொல்லிவைத்துக்கொள்வது அவசியம். செப்டம்பர், அக்டோபரில் நடுபவர்களுக்கு மழைக்காலம் முழுவதும் வேர் இறங்கக் கிடைக்கிறது. குளிர்காலத்தில் பூவைப் பார்த்து மயங்கி வாங்குபவர்கள், நடுவதற்கு வசந்தம் வரை காத்திருந்து, அதுவரை செடியைப் பையிலேயே காற்றோட்டமான வெயிலில் வைத்து, மண் உலர்ந்தபோது மட்டும் நீர் ஊற்றி வர வேண்டும்.